காற்றுக்கு அடங்கும் வேகம்

குளத்தூரிலிருந்து மேற்கே கயத்தாறுப் பக்கம் பிரயாணம் செய்கிறவர்கள், ஆனி ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து கரிசல் வெளியெங்கும் வீசும் மேல்காற்றில் காற்றாலைகள் சுழல்வதைக் கண்டிருப்பார்கள். காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும் என்பதே அவற்றுக்கு ஆதாரமான விதி. நின்ற நிலையிலிருந்து சீறிப் புறப்பட்டு நேர்ப்பாதையில் 402 மீட்டரைக் கடக்கும் ‘டிராக்’ பந்தய வீரனுக்கோ அதே விதி விரோதியாகிறது. வேகத்தை இருமடங்காக்கினால் காற்றின் தடை நான்கு மடங்காகி, அதை வெல்ல எட்டு மடங்கு சக்தி வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் வேரூன்றிய நம் மோட்டார் பந்தயம், பின்னர் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம்பெயர்ந்து, இன்று அங்கே மோட்டார் சைக்கிள் டிராக் பந்தயமும் நடக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ஆயினும் இக்கலையின் கொடிய பரீட்சைகள் நிகழ்ந்தது அமெரிக்காவிலேதான்.

1970 மார்ச்சில் கலிபோர்னியாவில், டான் கார்லிட்ஸ் என்னும் வீரரின் காலடியிலிருந்த கியர் யந்திரம் வெடித்து, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதியைத் துண்டித்தது. அந்த வேதனையிலும் மனம் தளராத அவர், ஓட்டுபவனுக்கு முன்னால் இருந்த எஞ்சினைப் பின்னால் மாற்றி வைத்துப் புதிய வண்டியைச் சமைத்து, 1971இல் அதைக் கொண்டே வெற்றி பெற்றார். விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தாற்போன்ற தகடு ஒன்றும் அத்தகைய வண்டிகளின் பின்புறத்தில் ஏறி, சக்கரங்களைத் தரையோடு அழுத்தும் கடமையை ஏற்றது.

1986இல் கூரிய மூக்கும் மூடிய இருக்கையுமாக அவர் அமைத்த வண்டி, மணிக்குச் சுமார் 438 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அவ்வாண்டே இங்கிலீஷ்டவுன் பந்தயத்தில் அதன் முன்சக்கரங்கள் மேலெழுந்தன. மூக்கு உயர உயர அடிப்பாகத்தில் மோதும் காற்று அதிகரித்தது. காற்று அதிகரிக்க அதிகரிக்க மூக்கு மேலும் உயர்ந்தது. வண்டி செங்குத்தாக நின்று, திசை திரும்பித் தரையில் இறங்கியது. கார்லிட்ஸ் உயிர் தப்பினார். இத்தகைய விபத்துகளின் பயனாகவே, மூக்கு எழும்போது தரையில் ஊன்றித் தடுக்கும் சிறு சக்கரக் கம்பி அவ்வகை வண்டிகளின் பின்னால் கட்டாயமாயிற்று. 2008இல் அதே இங்கிலீஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா என்னும் பந்தய வீரர் விபத்தில் உயிரிழந்த பிறகு, அதிவேக வண்டிகளுக்குப் பந்தய தூரமே சுமார் 305 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

ஆகவே இந்தப் பந்தயத்தின் நிபந்தனைகள் பலவும் ஒருவருடைய எலும்பையோ உயிரையோ பணயமாக வைத்துப் பெற்றவை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நாற்கரச் சாலையிலும் இரவில் பைக்குகளை விரட்டும் நம் பிள்ளைகளுக்கு, வேகத்தைத் தணிக்கும் பாராசூட்டும் இல்லை, ஓடி நிற்க நீண்ட வெட்டவெளியும் இல்லை. வேகத்தில் ஆசை கொள்வது பாவமன்று. அவ்வாசைக்குத் தகுந்த களத்தைத் தென்மாவட்டத்திலேயே அமைத்துக் கொடுத்து, காற்றின் விதிகளைப் பள்ளியிலேயே கற்பிப்பது பெரியவர்களாகிய நம் கடமை.