தண்ணீர் போன வழியில் சைக்கிள்: தாஹோ ஏரியின் மலைப் பாதைகள்



பே ஏரியாவில் குடியிருக்கும் நமக்குத் தாஹோ ஏரி புதிய இடமில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஒரு முறை, பிள்ளைகளுக்குப் பனி காட்ட ஒரு முறை என்று நான்கு மணி நேரம் கார் ஓட்டிப் போகிறோம். கரையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், திரும்பி விடுகிறோம். அந்த ஏரிக்கு மேலே மலைச்சரிவில் ஓடும் பாதைகளை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளோ கார் முதுகில் சைக்கிளை மாட்டிக்கொண்டு அங்கேதான் போகிறார்கள். அவர்கள் போகும் இடம் எப்படிப்பட்டது, அங்கே ஏன் இத்தனை விதிகள் என்று கேட்பவர்களுக்காக இந்த மாதப் பேச்சு.

முதலில் இடம். கடல் மட்டத்திலிருந்து 6,225 அடி உயரத்தில், மூன்றில் இரண்டு பங்கு கலிபோர்னியாவிலும் ஒரு பங்கு நெவாடாவிலுமாகக் கிடக்கிறது ஏரி. நீளம் 22 மைல், ஆழம் 1,645 அடி. அறுபதுக்கும் மேற்பட்ட ஓடைகள் வந்து சேர்கின்றன. வெளியே போவது டிரக்கி ஆறு ஒன்றுதான். அதுவும் கடலுக்குப் போவதில்லை, நெவாடா பாலைவனத்தில் பிரமிட் ஏரியோடு முடிந்துவிடுகிறது. சுற்றிலும் ஏரிக்கு மேல் மூவாயிரம், நாலாயிரம் அடி எழும் மலைகள்.

அடுத்து வண்டி. மலைச் சைக்கிள் பிறந்தது நமக்குப் பக்கத்திலேயே, மரின் கவுண்டியில். 1970களில் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் போன்ற இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய், மண் சாலையில் கீழே விட்டுப் பந்தயம் வைத்தார்கள். 1976இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தின் பெயர் ரீபேக். இறக்கத்தில் பிரேக் சூடேறி, பின் சக்கரத்துக்குள் இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். பெயர் வந்தது அதிலிருந்துதான்.

தாஹோவின் பாதைகளில் பேர்போனது கிழக்குக் கரைக்கு மேலே இருக்கும் ஃப்ளூம் டிரெயில். ஏரியிலிருந்து சுமார் 1,500 அடி உயரத்தில், செங்குத்தான கருங்கல் சரிவின் இடுப்பில் நாலரை மைல் தூரம் போகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே நீல ஏரி. இதில் வியப்பு என்னவென்றால், இவ்வளவு கரடான சரிவில் பாதை மட்டும் கிட்டத்தட்ட மட்டமாக இருக்கிறது. ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

காரணம், இது மனிதர் நடக்க வெட்டிய பாதையல்ல. தண்ணீர் நடக்க வெட்டியது. 1859இல் இந்த மலைகளுக்குக் கிழக்கே காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. வர்ஜீனியா சிட்டி என்ற ஊர் ஒரே மூச்சில் முளைத்தது. சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்க மரம் வேண்டும். தாஹோவைச் சுற்றியிருந்த காடுகள் பெரும்பாலும் மொட்டையாயின. குடிக்கத் தண்ணீர் வேண்டும்; ஊரோ வறண்ட மலையில். ஆகவே 1870களில் மேலே மார்லெட் ஏரியில் அணை கட்டி, சரிவை ஒட்டி மரப்பலகைகளால் ஒரு வாய்க்கால் அடித்தார்கள். அதைத்தான் ஃப்ளூம் என்கிறார்கள். அந்த நீர் வடக்கே போய், மலைத்தொடரைக் குடைந்த ஒரு சுரங்கவழியே கிழக்குப் பக்கம் சேர்ந்தது. அங்கிருந்து பள்ளத்தாக்கில் இறங்கி, இரும்புக் குழாயில் தன் அழுத்தத்தாலேயே எதிர்மலை ஏறி ஊரை அடைந்தது. அந்தக் குழாய் போட்ட ஆண்டு 1873. பம்பு எதுவும் இல்லை. நம் ஊரில் வாய்க்கால் வெட்டியவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் சீராகப் போக வேண்டுமானால் வாட்டம் மிகக் குறைவாக, ஒரே அளவாக இருக்க வேண்டும். அந்த வாட்டத்தில்தான் இன்று சைக்கிள் போகிறது.

பலகைகள் மக்கி, பாறைகள் விழுந்து மூடிக் கிடந்த அந்தத் தடத்தை 1980களில் மாக்ஸ் ஜோன்ஸ் என்ற மலைச் சைக்கிள் வீரர் துப்புரவாக்கி ஓட்டினார். வழக்கமாக ஸ்பூனர் ஏரியில் தொடங்கி, காட்டுச் சாலையில் ஐந்து மைல் ஏறி மார்லெட் ஏரியை அடைவார்கள். அந்த ஏற்றம்தான் கஷ்டம். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் வேண்டாம். பிறகு ஃப்ளூம். முடிவில் மணல் சாலையில் இன்க்லைன் வில்லேஜ் பக்கம் இறக்கம். மொத்தம் சுமார் 14 மைல். ஃப்ளூமில் திறமையைவிட நிதானம்தான் தேவை. விளிம்பு சில இடங்களில் தோளகலம்தான். ஏரியைப் பார்க்க ஆசை வந்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

தண்ணீரால் உண்டான பாதையைக் கெடுப்பதும் தண்ணீர்தான். தாஹோவின் மண் பெரும்பாலும் உதிர்ந்த கருங்கல். கையில் எடுத்தால் பொடிச் சரளைபோல் ஒழுகும். பாதை நேராகக் கீழே இறங்கினால் மழைநீரும் பனிநீரும் அதையே ஓடையாக்கிக்கொண்டு அறுத்துவிடும். பின்பிரேக்கை இறுக்கிச் சக்கரத்தைச் சறுக்க விடும் ஒவ்வொரு தடவையும் அந்த ஓடைக்கு நாம் ஒரு கோடு கிழித்துக் கொடுக்கிறோம். அதனால் பாதை அமைப்பவர்கள் இரண்டு கணக்குகள் வைத்திருக்கிறார்கள். பாதையின் சராசரிச் சாய்வு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மலைச்சரிவின் சாய்வில் பாதியையும் தாண்டக் கூடாது. பாதை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கும். இடையிடையே சிறு பள்ளமும் மேடும் வரும். துள்ளி விளையாட வைத்த மேடு என்று பிள்ளைகள் நினைப்பார்கள். தண்ணீரை ஓரமாக வெளியேற்றும் மடை அது. சேறாக இருக்கும் நாளில் ஓட்டாதே என்பதும் இதனால்தான்.

ஏரிக்கும் இதில் பங்குண்டு. 1968 முதல் ஒரு வெள்ளைத் தட்டை நீரில் இறக்கி, எத்தனை அடி வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று அளந்து வருகிறார்கள். அந்த முதல் ஆண்டுச் சராசரி 102 அடி. அண்மைய ஆண்டுகளில் அது பெரும்பாலும் 60 முதல் 70 அடிக்குள். தெளிவைக் கெடுப்பது மிக நுண்ணிய மண் துகள். அதில் பெரும்பங்கு கார் ஓடும் சாலைகளிலிருந்தும் கட்டடங்கள் சூழ்ந்த பகுதிகளிலிருந்தும் வருகிறது, சைக்கிள் பாதைகளிலிருந்து அல்ல. இதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். என்றாலும் அரிக்கப்பட்ட பாதையின் மண்ணும் அதே ஏரிக்குத்தான் போகிறது.

இனி விதிகள். ஏரியைச் சுற்றி மலைமுகட்டில் சுமார் 170 மைல் நீளத்துக்குத் தாஹோ ரிம் டிரெயில் போகிறது. 1984இல் வேலை தொடங்கி 2001இல் வளையம் முழுமையானது. பெரும்பகுதி தொண்டர்கள் மண்வெட்டியோடு வந்து செய்த வேலை. ஆனால் முழு வளையத்தையும் சைக்கிளில் சுற்ற முடியாது. மேற்கே டெசோலேஷன் போன்ற வனப்பகுதிகள் 1964ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கே இயந்திரப் போக்குவரத்து கூடாது. சைக்கிளும் அதில் அடங்கும் என்று 1984இல் வனத்துறை விதியிலேயே எழுதிவிட்டார்கள். சில இடங்களில் இந்தப் பாதை பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலோடு சேர்ந்து போகிறது. அங்கும் 1988 முதல் சைக்கிளுக்குத் தடை.

வடகிழக்கில் தாஹோ மெடோஸ் முதல் டனல் கிரீக் வரையிலான ஒன்பது மைலில் ஒரு சமரசம் செய்திருக்கிறார்கள். இரட்டைப்படைத் தேதிகளில் சைக்கிள் போகலாம், ஒற்றைப்படைத் தேதிகளில் போகக் கூடாது. அமைதியாக நடக்க விரும்புகிறவர் நாட்காட்டியைப் பார்த்துத் தன் நாளைத் தேர்ந்துகொள்கிறார். இருதரப்பும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. மற்ற பாதைகளில் சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும். இருவரும் குதிரைக்கு வழிவிட வேண்டும். இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். மின்சார சைக்கிளுக்குச் சில பாதைகளில் மட்டுமே அனுமதி. வாடகைக்கு எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறு பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் ஃப்ளூம் பக்கம் போக வேண்டாம். இன்க்லைனிலிருந்து சாண்ட் ஹார்பர் வரை 2019இல் திறந்த மூன்று மைல் தார்ப்பாதை கரையை ஒட்டியே போகிறது, போதும். மேலே போகிறவர்களுக்கு ஜூலை முதல் அக்டோபர் தொடக்கம் வரை நல்ல காலம்; அதற்கு முன் நிழல் விழும் சரிவுகளில் பனி கிடக்கும். ஏழாயிரம், எட்டாயிரம் அடியில் மூச்சு வாங்கும், தண்ணீர் சீக்கிரம் தீரும். ஓடைநீரைச் சுத்திகரிக்காமல் குடிக்காதீர்கள். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரலாம், ஆகவே காலையிலேயே ஏறுங்கள். கோடைக் கடைசியில் காட்டுத்தீப் புகை இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். 2021 ஆகஸ்டில் கால்டர் தீ வந்தபோது தெற்குக் கரை ஊரையே காலி செய்தார்கள்.

இன்னொன்று. 31ஆம் தேதி முடிந்தால் வருவது 1ஆம் தேதி; இரண்டும் ஒற்றைப்படை. 2025இல் லேபர் டே விடுமுறையின் ஞாயிறும் திங்களும் அப்படித்தான் அமைந்தன. நீண்ட வார இறுதிக்கு அறை பதிவு செய்யுமுன் தேதியை எண்ணிப் பாருங்கள்.