தீவுப் பள்ளிக்கேற்ற கணக்கேடு

ஜூபிட்டர் ஏடு என்பது விளக்கவுரை, கணிப்பொறிக் கட்டளை, விடை ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்குவது. 2014-இல் ஐபைத்தான் திட்டத்தினின்று பிரிந்தது. இதனை நிலையான வலைப்பக்கத்திற் சேர்க்க இரு வழிகள் உள. பக்கத்தை ஆக்கும்போதே கட்டளைகளை இயக்கி விடைகளைப் பதித்துவிடுதல் ஒன்று. வாசகரே எண்களை மாற்றிக் கணக்கிடுமாறு பைத்தான் இயக்கியை அவரது உலாவிக்குள் இறக்குதல் மற்றொன்று. இதற்குப் பல மெகாபைட் தேவைப்படும்.

2020 ஆகஸ்டு 10-இல் தொடங்கப்பெற்ற சென்னை–அந்தமான் கடலடி வடம் தலைநகரையும் வேறு ஏழு தீவுகளையும் இணைக்கிறது. வடம் எட்டாத தீவுகளில் ஒவ்வொரு மெகாபைட்டும் கருதத்தக்கதாகும். ஆகவே கடல் ஓதத்தைப் பற்றிப் பாடம் ஆக்கும் ஆசிரியர், வரைபடத்தை முன்னரே பதித்துவிட்டு, மாணவர் பொத்தானை அழுத்திய பின்னரே இயக்கி இறங்குமாறு அமைத்தல் நலம். இணைப்புத் தளரினும் பாடம் தடைப்படாது. புதிய அளவுகள் கிடைத்தவுடன் பக்கத்தை மீண்டும் ஆக்குதல் வேண்டும். இல்லையேல் பழைய விடையே நிற்கும்.