வீட்டுக்குள் வந்த இயந்திரங்கள் – 17: தொடப்பம் எட்டாத இடம்

தை பிறந்து அறுவடை மெஷின் வயலில் இறங்கிவிட்டால் திருவெண்ணெய்நல்லூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சன்னலைத் திறந்துவைக்க முடியாது. நெல் சுணை காற்றோடு வந்து கட்டில் விரிப்பிலும் ஃபேன் இறக்கையிலும் டிவி மேலும் படியும். அது ஓய்ந்தால் மல்லாட்டை. காயவைத்து உடைத்து மூட்டை கட்டும் வரை வாசல் முழுக்கச் செம்மண்ணும் தோலும்தான். காலையில் ஒருமுறை, விளக்கு வைக்கும் முன் ஒருமுறை என்று கூட்டாத வீடு இல்லை. ஆனால் தொடப்பம் தரையில் கிடப்பதைத்தான் அள்ளும். மெல்லிய தூசியை அது எழுப்பிவிடும். கூட்டுகிறவர் அடுக்களைக்குப் போனதும் அந்தத் தூசி சாவகாசமாக இறங்கிப் பழைய இடத்திலேயே உட்காரும்.

புது வீடு கட்டியவர்களும், வீட்டில் வீசிங் தொந்தரவு உள்ள பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் விழுப்புரம் நேருஜி ரோட்டுப் பக்கம் போகும்போது வாக்யூம் கிளீனர் விலையையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவது இதனால்தான். கடையில் இருப்பது பெரும்பாலும் சக்கரம் வைத்த டப்பா. அதிலிருந்து யானைத் தும்பிக்கைபோல ஒரு குழாய். யூடியூபில் வெளிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கோ வேறொரு கருவி மனதில் இருக்கும். கைப்பிடி, பை, மோட்டார், பிரஷ் எல்லாம் ஒரே உடலாக நிமிர்ந்து நிற்கும். அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போகலாம்.

“குனியாம தள்ளுறாங்களே, அந்த மாடல் இல்லையாண்ணே?”

“அது இங்க ஓடாதுக்கா. இத எடுத்துக்குங்க, ஊதவும் செய்யும்.”

கடைக்காரர் சரியாகத்தான் சொல்கிறார். ஏன் ஓடாது என்று கேட்டால்தான் கதை நூறு வருடம் பின்னால் போகும்.

லண்டனில் 1901இல் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் செய்த முதல் உறிஞ்சும் இயந்திரம் வீட்டுக்குள் நுழையவே இல்லை. பெட்ரோல் எஞ்சினோடு குதிரை வண்டியில் தெருவில் நின்றது. நீளமான குழாய்கள் மட்டும் சன்னல் வழியாக உள்ளே போயின. 1902இல் ஏழாம் எட்வர்ட் முடிசூட்டு விழாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்த பிறகு அதற்குப் பெயர் வந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கேண்டன் என்ற ஊரில், ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்துமாக்காரர். கம்பளம் கூட்டும்போது கிளம்பும் தூசி அவருக்கு ஆகவில்லை. ஒரு சிறு மோட்டார், சுழலும் பிரஷ், தொடப்பக்கட்டை, தூசி சேரத் தலையணை உறை என்று கையில் கிடைத்ததை வைத்து ஒரு கருவியைக் கட்டினார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதைத் தோல் சாமான் வியாபாரியான வில்லியம் ஹூவர் வாங்கினார். நிமிர்ந்து நிற்கும் வகையின் குடும்ப மரம் அங்கே தொடங்குகிறது.

டப்பா வகையின் ஊர் சுவீடன். எலக்ட்ரோலக்ஸ் 1921இல் ‘மாடல் V’ என்ற உருளையைக் கொண்டுவந்தது. அதைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. அடியில் சறுக்குப் பட்டைகள் இருந்ததால் குழாயைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே வரும்.

இரண்டுக்கும் உருவத்தில் மட்டுமா வித்தியாசம்? ஸ்பாங்ளரின் கருவி கம்பளத்துக்கென்றே பிறந்தது. அதன் உயிர் மோட்டாரில் இருப்பதைவிட அடியில் சுழலும் பிரஷில்தான் அதிகம் இருக்கிறது. கம்பளத்தின் மயிரிழைகளுக்கிடையே சிக்கிய மண்ணை அந்த பிரஷ் தட்டித் தட்டி மேலே கொண்டுவர, காற்று அதை இழுத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில், குறிப்பாக ஜார்ஜியாவின் டால்டன் நகர ஆலைகளில், இயந்திரத்தில் தைத்த மலிவுக் கம்பளம் மலைபோல் உற்பத்தியானது. சுவருக்குச் சுவர் ஒட்டிய கம்பளம் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது. பிரிட்டனிலும் இதே கதை. அந்த வீடுகளில் நிற்கும் வகை கொடிகட்டிப் பறந்ததில் ஆச்சரியமில்லை. மரத்தரையும் ஓட்டுத்தரையும் மிகுந்த ஐரோப்பியக் கண்டத்திலோ டப்பாவே நிலைத்தது. சண்டை இயந்திரங்களுக்கிடையே அல்ல, தரைகளுக்கிடையே நடந்தது.

இந்தப் பக்கத்துத் தரை எப்படிப்பட்டது? பண்ருட்டிக்கு அருகே திருவதிகைக் கோயிலில் திலகவதியார் அலகிட்டு, சாணத்தால் மெழுகித் தொண்டு செய்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. கூட்டுவதோடு வேலை முடியாது. மெழுகினால்தான் தூசி படிந்து அடங்கும். மெழுகிய மண் தரைக்குப் பின் சிமெண்ட் வந்தது, காவி பூசிய ரெட் ஆக்சைடு வந்தது, கடப்பா கல், மொசைக், இப்போது வழுவழு டைல்ஸ். இத்தனை மாறியும் கம்பளம் மட்டும் வரவில்லை. விருந்தாளிக்குப் பாய் விரிப்பார்கள், விசேஷத்துக்குப் பவானி ஜமுக்காளம் விரிப்பார்கள், முடிந்ததும் உதறிச் சுருட்டிப் பரணில் போடுவார்கள். வெயிலும் புழுக்கமும் உள்ள ஊரில், கழுவிவிடக்கூடிய தரைதான் நல்ல தரை.

இந்தத் தரையில் நிற்கும் வகையை ஓட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கைப்பிடி அரிசியைச் சிந்தித் தெரிந்துகொள்ளலாம். சுழலும் பிரஷ் கம்பளத்தில் மண்ணைத் தட்டி எழுப்புவதுபோலவே டைல்ஸில் அரிசியைச் சுண்டி எறியும். பாதி பைக்குள் போகும், மீதி சோபாவுக்கு அடியில் போகும். அடுத்தது முடி. நீளக் கூந்தல் உள்ள வீட்டில் உதிரும் முடியும், பூச்சரத்து நாரும் பிரஷ் உருளையில் கயிறுபோலச் சுற்றிக்கொள்ளும். கருவியைக் கவிழ்த்துப்போட்டுக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது தனி வேலை. பழைய நிற்கும் வகைகள் பலவற்றில் இன்னொரு சங்கடம்: அள்ளிய குப்பை முதலில் காற்றாடியைக் கடந்துதான் பைக்குப் போகும். வாசலிலிருந்து காலோடு வந்த சரளைக் கல்லோ, சேப்டிபின்னோ நேரே இறக்கையில் மோதும். டப்பா வகையில் குப்பை முதலில் பையில் தங்கிவிடும். வடிகட்டிய காற்று மட்டுமே மோட்டாரைத் தொடும்.

இதைவிடப் பெரிய காரணம், நம்மூர் வீட்டுக்கு இந்த இயந்திரம் தரைக்காகத் தேவைப்படவே இல்லை என்பதுதான். தரையைத் தொடப்பமும் ஈரத்துணியும் பார்த்துக்கொள்ளும், மின்சாரக் கருவியைவிட வேகமாகவே. தொடப்பத்துக்கு எட்டாதது ஃபேன் இறக்கை, பரண் இடுக்கு, சன்னல் கம்பி, கொசுவலைச் சட்டம், சோபா மடிப்பு, இலவம்பஞ்சு மெத்தையின் தையல், பீரோவின் முதுகு. அங்கெல்லாம் போக நீளக்குழாயும் தட்டையான இடுக்கு மூக்கும் வேண்டும். எட்டு கிலோ எடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு யாரும் ஃபேன் துடைக்க முடியாது.

1982இல் ஃபோர்ப்ஸ் நிறுவனமும் சுவீடனின் எலக்ட்ரோலக்ஸும் சேர்ந்து யுரேகா ஃபோர்ப்ஸைத் தொடங்கியபோது இந்தியக் குடும்பங்களுக்கு இந்த இயந்திரத்தின் பெயரே புதிது. கடையில் வைத்தால் யார் வாங்குவார்கள்? அதனால் விற்பனையாளர்களை வீடுவீடாக அனுப்பினார்கள். டை கட்டிய இளைஞர், கையில் கனத்த பெட்டி, “ஒரு ரூபாய் தர வேணாம் மேடம், அஞ்சு நிமிஷம் பாருங்க.” அவர் தரைக்குப் போகவே மாட்டார். குழாயின் வாயில் ஒரு வெள்ளைத் துணியைச் செருகி, அன்று காலைதான் உதறி விரித்த மெத்தையின் மேல் ஓட்டுவார். துணியை எடுத்துக் காட்டும்போது நடுவில் சாம்பல் நிறத்தில் வட்டமாகத் தூசி. வீட்டுக்காரம்மாவுக்கு முகம் சுருங்கிப்போகும். விற்பனை பாதி முடிந்துவிட்டது. அப்படி வீட்டுப் படியேறிய அந்த நிறுவனத்தின் ‘யூரோகிளீன்’ கருவிகள் பெரும்பாலும் டப்பா வகை. ஆசியாவின் பெரிய நேரடி விற்பனை நிறுவனங்களில் ஒன்றாக யுரேகா ஃபோர்ப்ஸ் வளர்ந்ததற்கு அந்த வெள்ளைத் துணிக்கும் பங்குண்டு.

டப்பாதான் என்று முடிவான பிறகு கடையில் அடுத்து காதில் விழுவது வாட்ஸ். “இது ஆயிரத்து அறுநூறு சார், அது ஆயிரம்தான்.” வாட்ஸ் என்பது இயந்திரம் தின்னும் மின்சாரம்; இழுக்கும் வலிமை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் 1,600 வாட்ஸுக்கு மேலும், 2017 செப்டம்பரில் 900 வாட்ஸுக்கு மேலும் உள்ளவற்றை விற்கத் தடை போட்டது. அதற்காக அங்கே வீடுகள் அழுக்கடைந்துவிடவில்லை. கம்பெனிகள் மூக்கையும் காற்றுப் பாதையையும் திருத்தி வடிவமைத்துக்கொண்டன. இங்கே இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. 230 வோல்ட்டில் 1,000 வாட்ஸ் என்றால் 4 ஆம்பியருக்குச் சற்று மேல். ஹால் சுவரில் உள்ள சாதாரண பிளக்கே தாங்கும். 1,600 வாட்ஸ் 7 ஆம்பியரைத் தொடும். பவர் பிளக் வேண்டும். பழைய வீடுகளில் பவர் பிளக் இருப்பது அடுக்களையிலும் குளியலறை வாசலிலும்தான். மாடியறை மெத்தைக்காக வாங்கிய இயந்திரம் அடுக்களையிலிருந்து எவ்வளவு தூரம் வரும் என்று வயரை அளந்துவிட்டு வாங்குவது நல்லது. கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். 1,200 வாட்ஸ் கருவியை வாரம் 20 நிமிடம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 4 யூனிட்டுக்குள்தான். அரசு தரும் 100 யூனிட் சலுகையில் அது ஒரு மூலைக்குக் காணாது.

பை வைத்ததா, பையில்லாததா என்பது இன்னொரு கேள்வி. பையில்லாத கருவியின் சூட்சுமத்தைப் பார்க்க நெல் அரைக்கும் ரைஸ்மில்லுக்குப் போனால் போதும். கூரைக்கு மேலே தகரத்தில் கூம்பு ஒன்று தலைகீழாக நிற்கும். தூசிக்காற்று அதற்குள் சுழன்று இறங்கும்போது கனமானது சுவரோரம் ஒதுங்கிக் கீழே விழ, காற்று மேலே போய்விடும். ஜேம்ஸ் டைசன் மர அறுவை ஆலைகளில் பயன்படும் இதே சைக்ளோன் கூம்பை வீட்டுக் கருவிக்குள் சுருக்க 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார்; 1993இல் டிசி01 வந்தது. அது நிற்கும் வகை, பிரிட்டிஷ் கம்பளங்களுக்கு. பையில்லாததில் குப்பையைக் கொட்டுவது எளிது. ஆனால் கோலமாவு, திருநீறு, சுவர் தேய்த்த சுண்ணாம்புப் பொடி இவற்றுக்கு முன்னால் அதன் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். துணிப்பை மட்டும் உள்ள மலிவு மாடல்களில் இந்தப் பொடி பின்பக்கம் வழியே மறுபடி அறைக்கே வந்துவிடும். வீசிங் உள்ள வீடு என்றால் ஹெப்பா ஃபில்டர் உள்ளதைத்தான் கேட்க வேண்டும். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதற்கான அமெரிக்க அளவுகோல்.

இந்தப் பக்கத்துக்காரர்கள் மூன்றாவதாக ஒரு வகையையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரை மீறியது. மலட்டாற்று வெள்ளம் அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையையே மறித்தது. இருவேல்பட்டு போன்ற ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு தரையில் மிஞ்சியது வண்டல்.

அந்தச் சேற்றில் சாதாரண டப்பாவை ஓட்டினால் அன்றோடு அது சரி. உறிஞ்சும் காற்றேதான் அதன் மோட்டாரைக் குளிர்விக்கிறது. காற்றோடு தண்ணீர் போனால் நேரே மோட்டாருக்குத்தான் போகும். ‘வெட் அண்ட் ட்ரை’ என்று விற்கும் உயரமான டிரம் வகையில் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றுக்குத் தனி வழி. டிரம் நிரம்பினால் உள்ளே ஒரு மிதவை எழுந்து இழுப்பை நிறுத்திவிடும். கணுக்கால் ஆழச் சேற்றுக்கு அதுவும் உதவாது, மண்வெட்டியும் முறமும்தான். ஆனால் வாரித் தள்ளிய பிறகு மூலைகளில் தேங்கும் கலங்கல் தண்ணீரை எடுக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆற்றோரத்துக்காரர்கள் சற்று இடம் அடைத்தாலும் டிரம் வகையை வாங்குவதே மேல்.

டப்பாவைப் பற்றிய புகார்களும் நியாயமானவைதான். இழுத்தால் கட்டில் காலில் இடிக்கும், குழாய் முறுக்கிக்கொள்ளும், வேலை முடிந்ததும் ஏழெட்டு உறுப்புகளைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அந்தப் பெட்டிதான் எமன். பெட்டி பரணுக்குப் போனால் இயந்திரம் போகிக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு ஒருமுறை என்று உற்சவமூர்த்தி ஆகிவிடும். குழாயை மாட்டியபடியே கதவுக்குப் பின்னால் நிறுத்துகிற வீடுகளில்தான் அது வாராவாரம் ஓடுகிறது. இடுப்பு வலி உள்ள பெரியவர்களுக்கு, நிற்கும் வகையின் பேரப்பிள்ளையான பேட்டரி ஸ்டிக் மாடல் தோதாக இருக்கலாம். எடை குறைவு, வயர் இல்லை. பல மாடல்களில் பிரஷை நிறுத்திக்கொள்ளவும் வழியுண்டு. மெத்தைக்கும் பரணுக்கும் அதன் மூச்சு போதாது, ஓடும் நேரமும் குறைவு.

விலை பேசும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: குழாயும் பையும் தனியாகக் கிடைக்குமா, விழுப்புரத்திலேயே கிடைக்குமா, சென்னைக்கு எழுதிப்போட வேண்டுமா? மோட்டார் பத்து வருடம் உழைத்தாலும் குழாய் அவ்வளவு நாள் தாங்காது. கைப்பிடியோடு சேரும் இடத்தில்தான் முதல் விரிசல் விழும். டேப் ஒட்டினால் ஒரு மாதம் ஓடும்.

(தொடரும்)