வெள்ளத்தில் மூழ்கிய கார் உங்கள் தலையில் விழாமலிருக்க

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைத் தெருக்களில் எத்தனையோ கார்கள் கண்ணாடி மட்டம்வரை மூழ்கிக் கிடந்தன. அவையெல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். எடுத்தவர் கழுவி, சீட் உறை மாற்றி, பாலிஷ் போட்டு, வெள்ளச் செய்தியே எட்டாத ஊரில் விற்கலாம். ஏமாறுவது பெரும்பாலும் முதல் கார் வாங்கும் குடும்பம்தான்.

இதில் பணத்தைவிட உயிர் பெரிது. ஏர்பேக்கை இயக்கும் கருவி பல கார்களில் முன் சீட்டுகளுக்கு நடுவே, தரையோடு ஒட்டி இருக்கும். சேற்றுநீர் புகுந்த இணைப்புகள் உடனே கெடாது. மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும். வாங்கும் நாளில் வண்டி நன்றாகத்தான் ஓடும்; பின்னாளில் விபத்தின்போது ஏர்பேக் விரியாமல் போகலாம்.

வண்டியைப் பகலில் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். எப்போதும் உள்ளே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி முழம் கழுவுபவர் கைக்கு எட்டாது. செம்மண் கறையோ பூஞ்சை வாடையோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மிதியடிக்குக் கீழுள்ள கார்பெட்டைத் தூக்குங்கள். சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளிலும் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்திலும் துரு, வண்டல் இருக்கிறதா பாருங்கள். மெக்கானிக் நீங்கள் அழைத்து வந்தவராக இருக்கட்டும், விற்பவரின் ஆளாக வேண்டாம்.

காகிதங்களையும் விடாதீர்கள். பழைய பாலிசி நகல்களைக் கேளுங்கள். வெள்ளத்துக்கு அடுத்த புதுப்பிப்பில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி, பூஜ்யமாகியிருந்தால் காரணம் கேட்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதிவேடும் தேவை.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, விற்பவர் வாய்மூடி இருந்தார் என்பது மட்டுமே பொதுவாக மோசடியாகாது. கேட்டதற்குத் தெரிந்தே பொய் சொன்னால் மோசடி. ஆகவே எழுத்தில் கேளுங்கள். “இந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை” என்ற வரியை விற்பனை ஒப்பந்தத்தில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

பழைய கார் வணிகர் ஏமாற்றினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வண்டிக்குக் கொடுத்தது 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி பொதுவாகக் கிடைக்காது. உரிமையியல் நீதிமன்றமோ, மோசடிப் புகாரோடு காவல் நிலையமோதான். அங்கேயும் அந்தக் கையெழுத்துதான் உங்கள் சாட்சி.

அந்த ஒரு வரியை எழுதித்தர விற்பவர் தயங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.