உங்களுக்குத் தெரியுமா? ஜெப ஆலயத்தில் பிறந்த வட்டியில்லாக் கடன்

ரஷ்யப் பேரரசில் 1881-இல் யூதர்கள் மீது வன்முறை வெடித்தது. அதற்கும் வறுமைக்கும் தப்பி, 1924-க்குள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் யூதர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். நியூயார்க்கில் இறங்கியவர்கள் ஊர்க்காரர்களாகச் சேர்ந்து சிறு சிறு ஜெப ஆலயங்களை அமைத்துக்கொண்டார்கள். பலவற்றுக்கு விட்டுவந்த ஊரின் பெயர்தான். வேலை எங்கே கிடைக்கும், அறை எங்கே காலி என்பதெல்லாம் புதிதாக வந்தவருக்கு அங்கேயே தெரிந்துவிடும். ஊர்ச் சங்கங்கள் சந்தா திரட்டின. உறுப்பினர் நோயில் படுத்தால் உதவித்தொகை, இறந்தால் அடக்கம் செய்ய இடம்.

இவற்றில் மிக அருமையானது கடனுதவி. 1892-இல் ஹென்றி தெருவில் வில்னா ஊர்க்காரர்களின் ஜெப ஆலயத்தில் சிலர் கூடி, 95 டாலர் முதலுடன் ஒரு கடன் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஏழையிடம் வட்டி வாங்கக் கூடாது என்பது யூத வேதத்தின் கட்டளை. அதனால் ஒரு காசுகூட வட்டி கிடையாது. தள்ளுவண்டியோ தையல் இயந்திரமோ வாங்க சங்கம் தந்த சிறுகடன் போதுமானதாக இருந்தது. கைநீட்டி வாங்கும் தானத்தைவிட, ஒருவரைச் சொந்தக் காலில் நிற்கவைப்பதே மேலான தர்மம் என்று 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் வகுத்திருக்கிறார். புதிதாக வந்தவரின் மானத்தைக் காத்த வழி இது.

யூதர் அல்லாதவர்களுக்கும் கடன் தரும் அந்தச் சங்கம் நியூயார்க்கில் இன்றும் வட்டியில்லாமல் கடன் கொடுத்துவருகிறது.