பின்கதவும் மின் தாழும்

மோட்டார் வண்டியின் பின்புறத்தில் மேல்நோக்கி உயர்ந்து திறக்கும் கதவை நாம் எல்லோரும் அறிவோம். முன்பெல்லாம் அதன் கைப்பிடியைத் திருகினால், அதனோடு இணைந்த கம்பி தாழை இழுத்துவிடும். கையின் விசையே கதவைத் திறந்தது. இன்றைய வண்டிகள் பலவற்றில் அந்தக் கைப்பிடி இல்லை. எண் பலகைக்கு மேலே, விரல் படும் இடத்தில், ரப்பர் போர்த்திய ஒரு பொத்தான்தான் இருக்கிறது. அந்தப் பொத்தான் கதவைத் திறப்பதில்லை. திறக்குமாறு விண்ணப்பம் செய்கிறது. இந்த வேற்றுமையை உணர்ந்தால் அமைப்பு முழுவதும் விளங்கிவிடும்.

விண்ணப்பம் செல்லும் வழியைப் பார்ப்போம். பொத்தானை அழுத்தியதும் வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு ஒரு குறிப்புச் செல்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதா, பூட்டு நீக்கப்பட்டிருக்கிறதா என்று அக்கருவி ஆராய்கிறது. பூட்டியிருந்தால், உரியவரின் சாவி அருகில் உள்ளதா என்பதைச் சில வண்டிகள் வானொலி அலைகளைக் கொண்டு அறிந்துகொள்கின்றன. எல்லாம் பொருந்தினால், தாழிலுள்ள சிறு மோட்டாருக்கு 12 வோல்ட் மின்சாரம் கணநேரம் பாய்கிறது. மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அவை கொக்கியைத் தடுத்து நிற்கும் நெம்பை விலக்குகின்றன. கொக்கி, தான் பற்றியிருந்த இரும்பு வளையத்தை விட்டுவிடுகிறது. பிறகு நாம் கதவைச் சற்றே உயர்த்தினால் போதும்; வாயு அடைத்த தண்டுகள் அதன் பாரத்தைத் தாங்கி மேலே கொண்டு செல்கின்றன.

கதவு திறக்க மறுத்தால், முதலில் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். மோட்டாரின் ஓசை கேட்டும் கதவு திறக்காவிட்டால், குறை பெரும்பாலும் தாழில் இருக்கும்; அழுக்குச் சேர்ந்து கொக்கி இறுகியிருக்கலாம். ஓசையே இல்லையெனில் பியூஸ், பொத்தான், கம்பி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ரப்பர் வெடித்த பொத்தானில் மழைநீர் புகுவதுண்டு. கதவு திறந்து மூடும்போதெல்லாம் கீல் அருகே மடங்கி நிமிரும் கம்பிகள் நாளடைவில் அறுந்துபோவதும் உண்டு. சாவியிலுள்ள பொத்தானால் கதவு திறந்து, வெளிப்பொத்தானால் மட்டும் திறக்காவிட்டால், பழுது வெளிப்பொத்தானிலோ அதன் கம்பியிலோதான் என்று ஊகிக்கலாம்.

பேட்டரி முற்றிலும் வடிந்துவிட்டால் என்ன செய்வது? 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் வண்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 12 வோல்ட் பேட்டரி வண்டியின் பின்பகுதியிலேயே இருக்கிறது. பின்கதவோ மின்சாரத்தால் திறப்பது. பேட்டரி வடிந்தால் கதவு திறவாது. கதவு திறவாமல் பேட்டரியை எளிதில் அணுகவும் இயலாது. இந்தச் சிக்கலை முன்னரே எண்ணிப் பார்த்த பொறியாளர்கள் இரண்டு வழிகளை வைத்தார்கள். வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் ஏற்றுவதற்கு முன்மூடியின் கீழே ஓர் இணைப்பு முனை உண்டு. கதவின் உட்புறத்தில், கையால் தாழை விலக்கும் நெம்பும் உண்டு.

இத்தகைய நெம்பு வேறு பல வண்டிகளிலும் அமைந்துள்ளது. பின்கதவின் உட்பலகையில் உள்ள சிறு மூடியை நீக்கினால் அது தென்படும். இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். சில வண்டிகளில் அது இல்லாமலும் இருக்கலாம். வண்டியோடு தரப்படும் கையேட்டைப் பார்த்து அறிவதே முறை.

விடுமுறைக்குக் குடும்பத்தோடு நெடுந்தொலைவு கடந்து ஊருக்குப் புறப்படும் நம்மவர்கள் இதைப் பயணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நலம். மருந்தும் மாற்றுச் சக்கரமும் பின்கதவுக்குள் இருக்க, இரவு வேளையில் நெடுஞ்சாலையில் நின்று நெம்பைத் தேடுவது எளிதன்று. வீட்டு வாசலில் ஒருமுறை பகலில் பழகிப் பார்த்தால், அவசர வேளையில் கை தடுமாறாது.