முதலும் பற்றும்: உடல்நூல் ஒரு பக்கம், கணக்கேடு மறுபக்கம்

தமிழில் 'முதல்' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. தொடக்கம் என்பது ஒன்று. காரணம் என்பது மற்றொன்று. வாணிகத்தில் இட்ட பணம் என்பது பிறிதொன்று. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்று அறிந்த மருத்துவன் அதன் முதலையும் ஆராய வேண்டும் என்கிறார். 'தெரிந்துசெயல்வகை' அதிகாரத்திலோ, வரப்போகும் ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலைத் தோற்கும் செயலில் அறிவுடையோர் இறங்கமாட்டார் என்கிறார். ஓரிடத்தில் நோயின் வேர். மற்றோரிடத்தில் தொழிலின் வேர். இரண்டுக்கும் சொல் ஒன்றே. இஃது ஒலியளவில் நேர்ந்த ஒற்றுமைதானா, அன்றி உடலையும் வாணிகத்தையும் ஏறக்குறைய ஒரே கண்கொண்டு பார்த்த மனப்பாங்கின் அடையாளமா என்பது ஆராயத்தக்கது.

நம் மருத்துவ நூல்கள் உடலை இயக்குவன மூன்று என்பர்: வளி, அழல், ஐயம். வாதம், பித்தம், கபம் என்பனவும் இவையே. வளி என்றவுடன் வயிற்றுக் காற்று என்றும், ஐயம் என்றவுடன் சளி என்றும் கொள்வது பெரும்பிழை. உடலில் நிகழும் இயக்கமனைத்தும் வளியின் தொழில்; உண்டதை வேறொன்றாக மாற்றும் வெப்பம் அழலின் தொழில்; கட்டிக் காத்து நிலைநிறுத்துவது ஐயத்தின் தொழில். நலமுள்ள உடலின் நாடியில் இவை முறையே 1, 1/2, 1/4 என்னும் மாத்திரையில் நடக்கும் என்பது சித்த மருத்துவர் வகுத்த கணக்கு. ஈண்டுக் கருதத்தக்கது யாதெனின், இம்மூன்றில் எதுவும் தன்னளவில் தீயதன்று. மிகுந்தாலும் நோய், குறைந்தாலும் நோய். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தைத் தொடங்குவதும் இக்கருத்தைக் கொண்டே. அதன் பத்துக் குறள்களில் பெரும்பகுதி மருந்தைப் பற்றியதன்று, உண்ணும் அளவைப் பற்றியது. முன் உண்டது செரித்ததை அறிந்து பின் உண்பதைப் பற்றியது.

இனி, சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு வருவோம். இன்று அங்கே வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. ஒரு காலத்தில் அத்தெருவில்தான் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது நீண்டதொரு கூடம். ஒரே கூரையின்கீழ்ப் பல விலாசங்கள் நடக்கும். ஒவ்வொரு விலாசத்துக்கும் ஒரு சாய்வுப் பெட்டி, ஒரு பாய், சில கணக்கேடுகள்; அவ்வளவே கடை! மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வேலை படிப்படியாக அமைந்திருந்தது. ஊரிலிருந்து வந்த முகவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை பார்த்துவிட்டுக் கணக்கை ஒப்புவித்து ஊர் திரும்புவார். வெள்ளையர் வங்கிகள் சிறுவணிகருக்குக் கதவு திறவாத நாளில், தமிழருக்கும் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் கடன் கொடுத்தவர்கள் இவர்கள். 1859-இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பியவர்களும் இவர்களே.

அன்றாட நடவடிக்கை குறிப்பில் ஏறும். அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். முடிவில் ஐந்தொகை எடுக்கப்படும். எவ்வளவு பணம் உண்டு என்பது மட்டுமே ஐந்தொகையின் கேள்வியன்று. எது கையில் இருக்கிறது, எது பிறரிடம் நிற்கிறது, எது திரும்பும், எது திரும்பாது என்பதே அதன் கேள்வி. நாடி பிடிப்பவரின் கேள்வியும் ஏறத்தாழ இதுதானே! ஆளின் பருமன் அவருக்கு வேண்டியதில்லை, ஓட்டமே வேண்டும்.

வாணிகத்திலும் ஓடுவது ஒன்று, மாறுவது ஒன்று, நிற்பது ஒன்று. ரொக்கம் ஓட வேண்டும். சரக்கு பணமாகவும், பணம் மீண்டும் சரக்காகவும் மாற வேண்டும். இருப்பு என ஒரு பகுதி அசையாமல் நிற்க வேண்டும். ஓட்டம் மிகுந்து இருப்பில்லாத கடை ஒரு மாத மந்தத்தில் விழும். இருப்பு மிகுந்து ஓட்டமற்ற கடையோ, சொத்து நிரம்பியிருக்கும்போதே கூலி கொடுக்க வழியின்றி நிற்கும். இரண்டாவது நோயைப் பலர் நோயென்றே உணர்வதில்லை. கொழுத்த உடலை வளமான உடலென்று எண்ணுவது போலத்தான்.

இதற்குப் பர்மாவைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. கீழ்ப் பர்மாவின் நெல் விளைச்சலுக்கு நகரத்தார் தம் முதலைப் பெருமளவில் கடனாகக் கொடுத்திருந்தனர். 1930-ஐ ஒட்டி உலகெங்கும் மந்தம் சூழ, நெல் விலை சரிந்தது. உழவரால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடாக எழுதிய நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. நெல் மிகுதியாக விளையும் பதின்மூன்று மாவட்டங்களில், 1930-இல் விளைநிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு அவர்களிடம் இருந்தது. 1938-இல் அது 25 பங்காயிற்று. ஏட்டில் பார்த்தால் செல்வம் பெருகியது போலத் தோன்றும். உண்மையில் ஓட வேண்டிய முதல் நிலமாக உறைந்துவிட்டது. விற்க ஆளில்லை, வைத்திருந்தால் மண்ணின் மக்களுக்குப் பகை. நிலத்தை இழந்த உழவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அதை மறைத்து நகரத்தார் இழப்பை மட்டும் பாடுவது வரலாறாகாது. 1942-இல் ஜப்பானியர் புகுந்தனர். பல்லாயிரம் இந்தியர் நடந்தே வெளியேறினர். 1948-இல் பர்மா விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. உறைந்த முதல் உறைந்தபடியே போயிற்று.

கடன் கொடுத்தவர்கள் மருத்துவ ஏடு பார்த்துக் கடன் கொடுத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. வளி, அழல், ஐயத்தில் இன்றைய மேலாண்மை இயல் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று மேடையில் முழங்குவோரும் உளர். அது வீண் பெருமை. செட்டிமார் உலக மந்தத்தை முன்னறியவில்லை. நாடி நூலும் அதை அறிவித்திராது. ஆனால் அளவு, ஓட்டம், செரிமானம் என்னும் எண்ணங்கள் இரண்டு துறைக்கும் ஒருங்கே பொருந்துகின்றன என்பது மட்டும் மெய்.

மனத்தைப் பற்றிய பகுதி இன்னும் நுட்பமானது. உட்கருவிகள் நான்கு என்பர்: மனம், புத்தி, அகங்காரம், சித்தம். இவற்றின் தொழிலை நூல்கள் சிறிது வேறுபடக் கூறினும், மனம் பற்றுகிறது, புத்தி துணிகிறது, அகங்காரம் 'யான், எனது' என்று முனைகிறது, சித்தம் சிந்திக்கிறது என்று சுருக்கமாகக் கொள்ளலாம். தீபாவளிக்கு முன்பு சிராங்கூன் சாலையில் கடை வைத்திருப்பவரை எண்ணிப் பாருங்கள். சென்ற ஆண்டுத் துணி அடுக்கில் தேங்கியிருக்கிறது. அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டால் வரும் பணம் புதுச் சரக்குக்கு உதவும். இதைப் புத்தி அறியும். 'நான் தேர்ந்தெடுத்த துணி, இவ்வளவு கொடுத்து வாங்கியது' என்று தடுப்பது எது? அகங்காரமே. போன பணத்தை எண்ணிப் பின்னும் பணத்தைப் போக்கும் இப்பழக்கத்தை இன்றைய பொருளியலார் மூழ்கிய செலவு என்று பெயரிட்டு ஆராய்கின்றனர். அதனால் கெடுவது தூக்கம்; தூக்கம் கெட்டபின் செரிமானம்; மருத்துவரிடம் போகும்போது அவர் கையில் கிடைப்பது கடைசி ஏடு மட்டும்.

நம் கணக்கேட்டில் 'பற்று' என்று ஒரு சொல் உண்டு. நம்மிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டது அவர் பேரில் பற்று. அவர் கொடுத்தது வரவு. துறவு நூல்களிலும் பற்று உண்டு. அங்கே அது விடத்தக்கது. பிடித்துக்கொள்ளுதல் என்னும் வேர்ப்பொருள் இரண்டிலும் ஒன்றே. பேரேட்டுப் பற்றை ஆண்டுதோறும் ஒருமுறையேனும் எடுத்துப் பார்த்து, வாராக் கடனை வாராக் கடனென்று எழுதிவிடுவது கணக்கரின் வேலை. எழுத மறுப்பவருக்குச் சொத்து ஏட்டில் வளரும், பெட்டியில் வளராது.

இவ்விடத்தில் தமிழாசிரியர்களுக்கு ஒரு செய்தி. இந்நகரில் நம் பிள்ளைகள் வாணிகத்தை ஆங்கிலத்தில் கற்கின்றனர். உடலியலையும் ஆங்கிலத்தில் கற்கின்றனர். தமிழ் வகுப்பில் குறள் படிக்கின்றனர். ஆகவே 'முதல்' என்றால் எண்ணுப்பெயர் என்றும், 'பற்று' என்றால் அன்பு என்றும் எழுதிவிட்டுப் போகின்றனர். பிழையில்லை, ஆயினும் சொல்லின் பாதி வாழ்வு கைநழுவுகிறது. கேம்பல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் செட்டிநாட்டு வீட்டின் நுண்ணிய வேலைப்பாடமைந்த வாயில் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், வாயிலைக் காட்டியபின் ஒரு தாளில் வரவு, பற்று என இரண்டு பத்தி கீறி, அவ்வாரத்துக் கைச்செலவை எழுதச் சொல்லலாம். அரைமணி நேரம் போதும். பின்பு 'மருந்து' அதிகாரத்தை எடுத்தால், அளவு என்னும் சொல் அவர்களுக்குப் புதிதாயிராது.